ஹாண்டிலை ஒழித்த கெட்டரிங்

அந்தக் காலத்துக் காரை ஸ்டார்ட் செய்ய, முன்பக்கம் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கை முறியும்!

1908-ல் பைரன் கார்ட்டர் என்பவர் இப்படி அடிபட்டு இறந்தார் என்பார்கள். அவருடைய நண்பர் லேலண்ட், 'காடிலாக்' கார்க் கம்பெனி அதிபர். ஹாண்டிலே வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். வேலை சார்லஸ் கெட்டரிங்கிடம் வந்தது.

கெட்டரிங் 1876-ல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. கண்கோளாறால் படிப்பு தடைப்பட்டது. வாத்தியார் வேலையும் பார்த்தார். 1904-ல்தான் பட்டம் பெற்றார். பிறகு, கடைக் கல்லாப்பெட்டி யந்திரத்தை மின்சாரத்தில் ஓட வைத்தார்.

கார் என்ஜினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும்; அது காரில் அடங்காது என்றார்கள் நிபுணர்கள். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவு வந்தது. அதிலுள்ள சின்ன மோட்டார் ஒரு கணம் மட்டும் பெரிய வேலை செய்கிறது. சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. கார் என்ஜினுக்கும் சில விநாடிகள் போதுமே!

டேட்டன் நகரில், நண்பர் டீட்சின் வீட்டுக் கொட்டகையில் வேலை நடந்தது. 1911-ல் ஸ்டார்ட்டர் தயார். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது! 1912 காடிலாக் கார்கள் அதோடு வந்தன. பெண்களும் தயங்காமல் காரை எடுத்தார்கள்.

ஹாண்டில் உடனே மறையவில்லை. பாட்டரி இறங்கினால் வேண்டுமே! பல வருஷம் டிக்கியில் கிடந்தது.

கெட்டரிங் 1958-ல் காலமானார். அப்போது வயது 82.