விபுலாநந்த அடிகளும் எங்கள் தீவகத்து இசையரங்கும்

எங்கள் ஊர்காவற்றுறையிலே இசை கேட்பதற்கென்று ஒரு சிறு வட்டம் கூடியிருக்கின்றது. அதற்குக் கட்டடமும் இல்லை, பணப்பெட்டியும் இல்லை. ஆசிரியர் மூவர், கடற்றொழில் செய்வோர் இருவர், தபாற் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், விடுமுறைக்கு வீடு திரும்பும் பல்கலைக்கழக மாணவர் சிலர் ஆகியோரே அதன் அங்கத்தவர். வரும் மூன்று பூரணை நாள்களிலும் மூன்று இசையரங்குகள் நடத்துவதென இவர்கள் தீர்மானித்துள்ளனர். முதலரங்கு தேவாரப் பண்ணிசை. இரண்டாவது நாகசுரமும் தவிலும். மூன்றாவது நாட்டுக்கூத்துப் பாடல்களும், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களும். முதலரங்கின் தொடக்கத்தில் விபுலாநந்த அடிகளின் வரலாற்றை அரைமணி நேரம் எடுத்துரைக்க வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டனர்.

நான் முதலில் இசையவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் சொன்னேன். நான் இசை கற்றவனல்லன். விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறியவன் என்பது ஒன்று. கேட்பதற்கு ஆள் எங்கே என்பது மற்றொன்று. 1990ஆம் ஆண்டிலே போர் எங்கள் தீவகத்தினுள் புகுந்தபோது மக்கள் பெருந்தொகையினராய் வெளியேறினர். திரும்பி வந்தோர் சிலர். கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் தங்கிவிட்டோர் பலர். முன்னொரு காலத்தில் திருவிழா இரவுகளில் தவிற்சமா கேட்க வேலணையிலிருந்தும் நாரந்தனையிலிருந்தும் கரம்பொன்னிலிருந்தும் வந்து மணலில் இடம்பிடித்த கூட்டத்தை நான் கண்டவன். தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் பசான் பாடும் குரல் தெருவெல்லாம் கேட்டதையும், அண்ணாவியாரின் கட்டளைக்கு அஞ்சி இளைஞர் விடியும்வரை கூத்துப் பழகியதையும் கண்டவன். இன்று நாற்பது கதிரைகள் நிறைந்தால் அதுவே பெரிது. இந்த நிலையில் அரங்கு எதற்கு என்று கேட்டு அவர்களை அனுப்பிவிட்டேன்.

ஆயினும் அன்றிரவு பழைய அலுமாரியிலிருந்து யாழ்நூலை எடுத்தேன். இளமையில் அதனை வாங்கி, சில பக்கங்கள் படித்து, விளங்காது மூடிவைத்தவன் நான். இம்முறை நூலை விட்டு, அதனை எழுதியவர் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றேன். அதனால் நான் பெற்றதை இங்கே எழுதுகின்றேன்.

அடிகள் மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு வழங்கிய பெயர் மயில்வாகனம். உ. வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிகளிலிருந்து சிலப்பதிகாரத்தை அச்சேற்றி வெளியிட்டதும் அதே 1892ஆம் ஆண்டிலேதான். ஒரு நூல் உலகுக்கு வந்த ஆண்டில், அந்நூலின் இசைப்பகுதிக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுக்கப்போகின்றவரும் பிறந்தார் என்பது நினைக்க நினைக்க இன்பந் தருவது.

கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனனார், பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். பின் ஆசிரியரானார், கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலே தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறி, இலங்கையிலிருந்து அத்தேர்வில் வென்ற முதல்வரெனப் பெயர் பெற்றார். விஞ்ஞானமும் தமிழும் அவர் உள்ளத்தில் இரண்டு அறைகளில் தனித்தனியே வாழவில்லை. ஒரே முற்றத்தில் கூடி விளையாடின.

1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். யாழ்ப்பாணத்திலே அவர் வாழ்ந்த அக்காலத்தை எண்ணும்போது எனக்கு ஒன்று தோன்றும். இந்நகரின் பெயரிலே யாழ் இருக்கின்றது. யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடர் இது என்பது நம் முன்னோர் சொல்லிவந்த கதை. ஆயின் அந்நகரத்திலே யாழைக் கண்ணாற் கண்டவர் ஒருவரும் இல்லை. தெருப்பலகையிலும் கடிதத் தலைப்பிலும் யாழ் இருந்தது, கையிலே இல்லை, காதிலே இல்லை.

1922ஆம் ஆண்டில் அதிபர் பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் சித்திராபூரணை நாளிலே துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். மறுவருடம் இலங்கைக்குத் திரும்பி, மிஷன் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். அப்பகுதி வாவியிலே நிலாக்காலத்து இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் ஒலியை மீன்பாடுகின்றதென மக்கள் சொல்வர். அவ்வொலியில் உள்ளந் தோய்ந்து, நீரர மகளிர் பாடுவதாக அடிகள் செய்யுள் யாத்தார். துறவு பூண்டும் அவர் செவி துறவு பூணவில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அங்கிருந்த காலத்தையும் அதன்பின் வந்த ஆண்டுகளையும் பண்டை இசை பற்றிய ஆராய்ச்சியிலே செலவிட்டார். இமயச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராய்ப் பணிபுரிந்தபோதும் அவ்வாராய்ச்சியைக் கைவிடவில்லை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்து முதலாவது தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தபோதும் அது அவருடன் வந்தது.

அவர் எதனை ஆராய்ந்தார்? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனது இயல்பைக் கூறும் சில அடிகள் உள்ளன. பழைய உரைகாரர் அவற்றுக்கு விளக்கம் எழுதினர். ஆயின் யாழ் வழக்கொழிந்தபின் அவ்விளக்கத்துக்கே விளக்கம் வேண்டியதாயிற்று. பேரியாழுக்கு நரம்பு இருபத்தொன்று, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என எண்ணிக்கை தெரியும். அந்நரம்புகளிலே எது எந்த இசையை எழுப்பியது என்பது தெரியாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயர்களும் தெரியும். அவை நின்ற அளவுகள் மயங்கிக் கிடந்தன.

இவ்விடத்திலேதான் விஞ்ஞான ஆசிரியர் தமிழ்ப் பண்டிதருக்குக் கைகொடுத்தார். இழுத்துக் கட்டிய நரம்பொன்றைப் பாதியளவாகக் குறைத்தால் அதே இசை ஒரு தானம் உயர்ந்து ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் குரலுக்கு இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காகக் குறைத்தால் உழை பிறக்கும். இந்தக் கணக்கு கிரேக்கருக்கும் தெரியும், தமிழருக்கும் தெரியும், நரம்புக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அடிகள் இவ்வளவுகளைக் கொண்டு, இளி முறையாலே ஒவ்வொன்றாய் ஏறி, பன்னிரண்டு இராசி வட்டத்தில் இசைநிலைகளை அமைக்கும் வட்டப்பாலை முறையை ஆராய்ந்து, பாலைகள் திரியும் வகையையும் பண்கள் பிறக்கும் வகையையும் வகுத்துச் சென்றார். யாழின் உறுப்பு, இசை நரம்பு, பாலைத் திரிபு, பண், தேவாரம் என இயல் இயலாக நூல் வளர்ந்தது. வில்லின் நாணோசையிலே பிறந்து வளைந்த உருவோடு நின்ற இக்கருவிக்கு உறவினர் பிற நாடுகளிலும் உண்டு. பழைய எகிப்தின் ஓவியங்களிலே வில்வடிவ யாழ்களைக் காணலாம். பர்மாவிலே அவ்வினத்துக் கருவியொன்று இன்றும் வாசிக்கப்படுகின்றது.

இதனைப் படித்தபோது எனக்கு வெட்கம் உண்டாயிற்று. முப்பது வருடங்கள் நான் பாடசாலை ஆய்வுகூடத்திலே சுரமானியை மேசைமேல் வைத்து, கம்பியின் நீளத்தை அளந்து, இதே விகிதங்களைக் கரும்பலகையில் எழுதியவன். பரீட்சையில் எத்தனை புள்ளி கிடைக்கும் என்று மாணவருக்குச் சொன்னேன். அக்கம்பியிலே தேவாரம் இருக்கின்றது என்று ஒருநாளும் சொன்னேனல்லேன். எனக்குத் தெரியாது என்பதே உண்மை. கையில் கருவி இருந்தும் காது இல்லாதவனாய் இருந்தேன்.

நூல் நிறைவெய்தியபோது அடிகளின் உடல் நோயினால் மிகவும் தளர்ந்திருந்தது. அச்சிட்ட நூலைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நூலுக்கு அரங்கேற்றம் வேண்டுமென்று கொண்டார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் முன்னின்றது. அரசின் துறையன்று, பெருங் கம்பனியன்று, தமிழ்மேற் காதல் கொண்டோர் 1911இல் கூடி அமைத்த சங்கம் அது. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. அடிகள் கணக்கிட்டவாறு அமைக்கப்பட்ட முளரியாழ் முதலிய கருவிகளை ஏந்தி அன்பர் ஊர்வலமாகச் சென்றனர். தஞ்சை நால்வர் மரபில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டினார். நூற்றாண்டுகளாக ஏட்டிலே மட்டும் இருந்த பெயர் அன்று கோயில் மண்டபத்திலே ஒலியாயிற்று. கூடியிருந்தோர் எல்லோரும் நரம்புக் கணக்கு அறிந்தவரல்லர். அறிந்தோர் சரிபார்த்தனர், அறியாதோர் கேட்டனர். இரு திறத்தாரும் இருந்தமையாலேதான் அது அரங்கேற்றமாயிற்று.

அந்த ஊர்ப்பெயர் தீவகத்தானாகிய என்னை மேலும் சிந்திக்கச் செய்தது. ஆற்றிலே வெள்ளம் பெருகி ஓடக்காரர் அஞ்சி நின்றபோது, திருஞானசம்பந்தர் அடியாருடன் ஓடத்திலேறிப் பதிகம் பாட, அப்பாட்டே கோலாகி ஓடத்தை அக்கரை சேர்த்த தலம் திருக்கொள்ளம்பூதூர். இன்றும் அங்கே ஓடத் திருவிழா நடைபெறுகின்றது. காரைநகருக்குப் போக நாங்கள் பாதை என்று வழங்கும் மிதவையை எதிர்பார்த்துத் துறையிலே நின்று பழகியவர்கள். காற்றும் நீரும் இடந்தராத நாளிலே கரை எவ்வளவு தூரம் என்பது எங்களுக்குத் தெரியும். பாட்டு ஓடத்தைத் தள்ளும் என்பதை நம்புவோரும் உண்டு, நம்பாதோரும் உண்டு. ஆனால் அம்பாப் பாடல் இல்லாமல் கரைவலை கரை சேராத காலம் ஒன்று இருந்ததை எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் எவரும் மறுக்கமாட்டார். பல கைகளை ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுக்கவைப்பது அப்பாட்டே.

அரங்கேற்றம் முடிந்து அடிகள் இலங்கை திரும்பினார். 1947ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே உடல் நீத்தார். அரங்கேற்றத்தின் இரண்டாம் நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே நாற்பத்து மூன்று நாள்களே. இந்தியாவின் விடுதலையைக் காண அவருக்கு ஒரு மாதமும், இலங்கையின் விடுதலையைக் காண ஏழு மாதமும் குறைந்தன. தாம் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலயத்து வளவிலே அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.

நாற்பத்து மூன்று நாள்கள் என்னும் அக்கணக்கை நான் பலமுறை எண்ணிப்பார்த்தேன். ஓய்வெடுத்துத் தேறிய பின் அரங்கேற்றலாம் என்று அவர் ஒத்திவைத்திருந்தால், நூல் இருந்திருக்கும். அதன் ஆசிரியர் செவியிலே யாழ் ஒலித்திராது. எத்தனை பேர் வருவர் என்று எண்ணியிருந்து காலத்தைப் போக்கும் உரிமை இசைக்கு இல்லை. ஓவியம் சுவரிலே காத்திருக்கும். செய்யுள் ஏட்டிலே காத்திருக்கும். இசை, கேட்பார் முன் பிறந்து அங்கேயே முடிவது. கேட்போர் கூடாத ஊரிலே அது முதலில் குறையும், பின் மறையும், அதன்பின் பெயர் மட்டும் நிற்கும். யாழுக்கு நேர்ந்தது அதுவே. பசானுக்கும் கூத்துக்கும் அம்பாவுக்கும் எங்கள் தீவிலே அது நேர எத்தனை வருடம் வேண்டும்? அந்தப் பாடல்களை முழுதாக அறிந்தோர் எங்கள் ஊரிலே இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்கள் போனபின் இன்னொரு விபுலாநந்தர் வந்து ஆராய்ந்து மீட்டுத் தருவார் என்று இருப்பது பேதைமை. அத்தகையோர் ஊர்தோறும் பிறப்பதில்லை.

மறுநாட் காலையிலே அவ்விளைஞரை அழைத்து, உரை நிகழ்த்த இசைந்தேன் என்று சொன்னேன். நாற்பது கதிரைகள் போதும். நிறையாவிட்டாலும் அரங்கை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். முதியோரைத் துறையிலிருந்து அழைத்துவரவும், கூத்துப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து எழுதிவைக்கவும் மாணவர் ஏற்பாடு செய்கின்றனர். பண்ணிசை பாட வருகின்ற ஓதுவார், தமக்கு முன் இவ்வளவு நீண்ட பேச்சா என்று அஞ்ச வேண்டியதில்லை. என் அரைமணி நேரத்தைக் கால்மணியாகக் குறைத்துக்கொண்டேன். எஞ்சிய நேரத்துக்கு, பாடசாலையிலே தூசுபடிந்து கிடக்கும் பழைய சுரமானியைக் கேட்டிருக்கின்றேன். அதனை மேடையிலே வைத்து, கம்பியை முதலில் முழுவதாகவும், பின் மூன்றில் இரண்டு பங்காகவும், அதன்பின் பாதியாகவும் மீட்டிக் காட்டுவேன். பிள்ளைகள் குரலையும் இளியையும் காதாற் கேட்பர். அதன்பின் ஓதுவார் தொடங்குவார்.