ஒளியை மருந்தாக்கிய பின்சென்

பூம்புகார் லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டும் எங்க அம்மா, மெத்தையை வெயிலில் போட்டால் கிருமி சாகும் என்பார். ஏன் என்று தேடியபோதுதான் நீல்ஸ் பின்சென்னை அறிந்தேன்.

1860-ல் ஃபாரோ தீவில் பிறந்தவர். இளமையிலேயே தீராத நோய். ஆனாலும் சும்மா இருக்கல. ஒளிக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டென அறிந்து, கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியைக் குவித்துத் தோல் காசநோயாளிகளைக் குணப்படுத்தினார். 1896-ல் கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் தொடங்கினார். 1903-ல் நோபல் பரிசு. மறுவருடமே, 43 வயதில் மறைந்தார்.

இன்று ஓட்டல் அறைகளைச் சுத்தப்படுத்தவும் புற ஊதா விளக்கு வந்துவிட்டது. ஒளி படாத நிழலில் கிருமி சாகாது. ஆள்மேல் பட்டாலோ கண்ணும் தோலும் புண்ணாகும். நாளை அதைப் பொருத்தப்போகும் நாம், கதவு திறந்தால் விளக்கு அணையும்படி சுவிட்ச் வைப்போம். உள்ளே நுழைவது யாரோ ஒருவரின் அம்மா!