குரலை எண்ணாக மாற்றிய அலெக் ரீவ்ஸ்: காப்புரிமை முடிந்த பிறகு ஜெயித்த ஐடியா!

புதுக்கோட்டையில் ட்ரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சென்னையில் இருப்பவருக்குக் கேட்க, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தணும். இன்னிக்கு அறந்தாங்கியிலிருந்து சிங்கப்பூருக்குப் பேசினாலும் பக்கத்து அறையில் பேசுவது போல இருக்கிறது. இதற்கு விதை போட்டவர் அலெக் ரீவ்ஸ்.

யார் இவர்?

1902-ல் இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் பிறந்தார். லண்டனில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, 1920-களில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசும் ரேடியோ தொலைபேசிப் பணியில் சேர்ந்தார். அங்கே அவரைப் படுத்திய பிரச்சினை இரைச்சல். தூரம் போகப் போக குரல் பலவீனமாகும். வழியில் ஆம்ப்ளிஃபையர் வைத்தால், குரலோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும்.

என்ன கண்டுபிடித்தார்?

1937-ல் பாரிஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது விடை கிடைத்தது. குரல் அலையை அப்படியே அனுப்ப வேண்டாம். அதன் உயரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, எண்ணாக மாற்றி, துடிப்புகளாக அனுப்பினால் போதும். வழியில் உள்ள கருவி, துடிப்பு இருக்கா, இல்லையா என்று மட்டும் பார்த்து, புத்தம்புது துடிப்பை அனுப்பும். இரைச்சல் அங்கேயே கழிந்துவிடும். இதுதான் பல்ஸ் கோட் மாடுலேஷன். 1938-ல் பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கடிகாரம் எதற்கு?

பின்னாளில் வந்த தரத்தின்படி, குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் 8 பிட். ஆக, ஒரு அழைப்புக்கு நொடிக்கு 64,000 பிட். இந்தியாவில் பயன்படும் இ-1 லைனில் இப்படி 30 அழைப்புகள் ஒன்றாகப் போகும். மொத்தம் 32 இடங்கள். மீதி இரண்டில் ஒன்று வரிசையின் தொடக்கத்தைக் காட்டும், இன்னொன்று அழைப்பு இணைப்புத் தகவலைச் சுமக்கும்.

எந்தப் பிட் எங்கே தொடங்குகிறது என்று மறுமுனைக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்துக்குன்னு தனி கம்பி கிடையாது. வரும் துடிப்புகளை வைத்தே அது தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து பூஜ்யமாக வந்தால் தாளம் தவறிவிடும். அதனால் நான்கு பூஜ்யங்கள் சேர்ந்து வந்தால், அந்த இடத்தில் அடையாளத் துடிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்புவார்கள். மறுமுனை அதை நீக்கிவிடும்.

புதுக்கோட்டை, திருச்சி எக்ஸ்சேஞ்சுகளின் கடிகாரங்கள் கொஞ்சம் வேறுபட்டால்கூட அவ்வப்போது ஒரு வரிசை தொலையும், அல்லது இருமுறை வரும். பேச்சில் அது சின்ன 'டிக்' சத்தம்தான். ஆனால் ஃபேக்ஸ், டேட்டா சிதைந்துவிடும்.

பலன் கிடைத்ததா?

இல்லை. வால்வு காலத்தில் இதைச் செய்ய ஏகப்பட்ட செலவு. 1940-ல் ஜெர்மன் படை நெருங்க, ரீவ்ஸ் பிரான்சிலிருந்து தப்பினார். போரில், துடிப்பு போய்வரும் நேரத்தை அளந்து விமானங்களுக்கு வழிகாட்டும் 'ஓபோ' கருவியை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தார். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான், 1962-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் அவர் ஐடியாவைத் தொலைபேசி லைனில் ஓடவிட்டது. அதற்குள் காப்புரிமைக் காலம் முடிந்திருந்தது!

1969-ல் பிரிட்டன் இந்தக் கண்டுபிடிப்புக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1971-ல் ரீவ்ஸ் மறைந்தார். இன்று உங்கள் 4ஜி அழைப்பிலும் போன் முதலில் செய்வது அவர் சொன்ன அதே வேலைதான்: குரலை அளந்து எண்ணாக்குவது.