பத்து காஜா சிறையில் மாண்ட ஏழு பிள்ளைகளின் தந்தை

ஜப்பான்காரன் காலத்துக் கஷ்டங்களைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காலத்தில் நம்ம பேராக் மண்ணில் உயிர்விட்ட லிம் போ செங்கை இன்று நினைவுகூர்வோம்.

அவர் பட்டாளத்துக்காரர் அல்லர், வியாபாரி. 1909-இல் சீனாவில் பிறந்து, 16 வயதில் படிக்கச் சிங்கப்பூர் வந்தவர். தகப்பனார் இறந்ததும் செங்கல், பிஸ்கட் தொழில்களை ஏற்று நடத்தினார். மனைவி கான் சூ நியோ. பிள்ளைகள் ஏழு பேர்.

ஜப்பானியரை எதிர்க்கச் சீனர்களைத் திரட்டியவர் அவர். சிக்கினால் தலை தப்பாது. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்பு, குடும்பத்தைப் பிரிந்து போனார். இந்தியாவில் பிரிட்டிஷாரின் 136-ஆம் படையில் சேர்ந்தார். அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம், இருக்கவில்லை. 1943-இல் நீர்மூழ்கிக் கப்பலில் பேராக்குக்குத் திரும்பி, ஈப்போவில் வியாபாரி வேடத்தில் ஒற்றர் வேலை பார்த்தார்.

1944 மார்ச்சில் கோப்பேங் அருகே பிடிபட்டார். சித்திரவதை செய்தும் கூட்டாளிகளின் பெயரை அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை. வாய் திறந்திருந்தால் எத்தனை குடும்பம் நாசமாகியிருக்கும்! வயிற்றுக்கடுப்பு கண்டு, ஜூன் 29-இல், 35 வயதில் பத்து காஜா சிறையில் கண்மூடினார்.

போர் முடிந்ததும் மனைவி வந்து, புதைத்த இடத்திலிருந்து எலும்புகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார். 1946 ஜனவரியில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தருகே இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது.

தன் பிள்ளைகளை மறுபடி பார்க்காமலே, ஊரார் பிள்ளைகளைக் காத்தவர் அவர். பத்து காஜா பக்கம் போனால் நம்ம பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவோம்.