மஞ்சன நீரும் குந்தவை நாச்சியாரும்

பரிசு வாங்கும் பிள்ளையின் பெயரைத் தேடித்தான் இம்மலரைப் புரட்டுகிறீர்கள் என்று தெரியும். போகிற வழியில், ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஓர் அம்மையாரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்களேன்.

ராணி என்றதும் பாலிலும் பன்னீரிலும் குளிக்கிற ஒருத்திதான் நம் மனத்தில் வந்து நிற்கிறாள். எகிப்து ராணி கிளியோபாத்ரா கழுதைப் பாலில் குளித்தாள் என்று ஊரெல்லாம் கதை. அவள் காலத்து ஆதாரம் ஒன்றும் அதற்கு இல்லை. உரோமப் பேரரசன் நீரோவின் மனைவி பொப்பேயா விஷயம் வேறு. போகுமிடமெல்லாம் 500 கழுதைகளை ஓட்டிச் சென்று அவற்றின் பாலில் குளித்தாள் என்று பிளினி என்ற உரோமப் புலவர் எழுதியே வைத்திருக்கிறார். உடம்பில் ஒட்டிய ரப்பர் பால் வாடை போவதற்கு மூன்று தடவை சவர்க்காரம் தேய்த்த நம் தாய்மார்கள் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா!

நம் சோழ நாட்டிலும் ஓர் இளவரசி இருந்தார். குந்தவையார். கல்கியின் கதையில் படித்திருப்பீர்கள், படத்திலும் பார்த்திருப்பீர்கள். அது கதை. அவரைப் பற்றிக் கல்லில் வெட்டியது தனியே இருக்கிறது.

சுந்தர சோழரின் மகள் அவர். தாய் வானவன்மாதேவி, திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண். அந்தக் குடும்பம் பட்ட துயரம் கொஞ்சமல்ல. பட்டத்துக்கு உரிய சகோதரன் ஆதித்த கரிகாலனைச் சதிகாரர்கள் கொன்றார்கள். பிறகு தந்தை காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் உயிர் விட்டார். தாயோ, பால் குடிக்கிற குழந்தையையும் விட்டுவிட்டுக் கணவரோடு தீயில் இறங்கிவிட்டார். திருக்கோவலூர்க் கல்வெட்டு இதைப் புகழ்ந்து பாடுகிறது. எனக்குப் புகழத் தோன்றவில்லை. அந்தக் குழந்தையை யார் எடுத்துத் தேற்றியிருப்பார்கள் என்றுதான் மனசு போகிறது.

குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரை மணந்தார். 985-இல் தம்பி இராசராசர் அரியணை ஏறினார். 1010-இல் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது. அந்தக் கோயிலுக்கு வந்த கொடைகளையெல்லாம் சுவரில் வெட்டச் சொன்னபோது, இராசராசர் ஒரு வரிசை வகுத்தார். முதலில் தாம் கொடுத்தது. அடுத்துத் தம் அக்காள் கொடுத்தது. மனைவிமார் கொடுத்தது அதற்கும் பிறகுதான்! சொந்த மகளுக்கும் குந்தவை என்றே பெயர். அக்காள் மேல் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்ல இதுவே போதும்.

அந்த அக்காள் என்ன செய்தார் தெரியுமா? பெரிய கோயிலில் தம் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் செய்து வைத்தார். உமாபரமேசுவரித் திருமேனிகளையும் செய்து வைத்து, பொன்னும் முத்தும் பூட்டினார். பூசையும் திருவிழாவும் தடைபடக் கூடாதென்று ஊர்ச்சபைகளிடம் காசை முதலாகக் கொடுத்து வைத்தார். முதலைத் தொடக் கூடாது, வட்டியில்தான் செலவு. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கூட்டு கட்டிப் பழகிய தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

இனி வாசனைக்கு வருவோம். அதே கோயில் சுவரில் ஓர் ஏற்பாடு காண்கிறது. சுவாமியை நீராட்டுகிற திருமஞ்சனத் தண்ணீரில் ஏலரிசி, சண்பக மொட்டு, இலாமிச்சை வேர் இவற்றைப் போட வேண்டும். இலாமிச்சை என்பது வெட்டிவேரைப் போலவே மணக்கிற வேர். இந்தச் சரக்குகளுக்கும் ஊர்களில் முதல் வைத்து வட்டி வாங்கினார்கள். கற்பூரச் செலவும் உண்டு. பொப்பேயாவின் குளியல் ஒருத்தியின் மேனிக்கு மட்டும். இங்கே மணம் கோயில் தண்ணீருக்குப் போயிற்று. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வட்டி கட்டியது அரண்மனை இல்லீங்க, ஊர்க்காரர்கள். ஏலமும் சண்பகமும் மணந்ததற்குப் பின்னால் குனிந்து நாற்று நட்டவனின் முதுகு இருக்கிறது.

குந்தவையார் கோயிலோடு நின்றுவிடவில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரம் என்ற ஊர். அங்கே சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என மூன்று கோயில் கட்டினார். தஞ்சையில் தந்தை பெயரால் ஆதுலர்சாலை, அதாவது நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை நடக்கவும் நிலம் கொடுத்தார். என்னைக் கேட்டால், பூட்டிய நகைகளையெல்லாம் விட இந்த நிலம்தான் பெரிது. சாமிக்குக் கொடுப்பதற்குப் பலர் உண்டு. காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தவர் எத்தனை பேர்?

இனி நம்ம ஊருக்கு வருவோம். கடாரம் என்று சோழர் சொன்னது இந்தக் கெடாவைத்தான். கற்பூர மரம் சுமாத்திராவிலும் மலாயாவிலும் போர்னியோவிலும் வளர்வது. அதைத் தேடித் தமிழ் வணிகர் இந்தக் கடலில் வந்து போனார்கள். சுமாத்திராவின் பாருஸ் துறையில் 1088-ஆம் ஆண்டு அவர்கள் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. குந்தவையார் காலத்தில் கடாரத்து அரசருக்கும் சோழருக்கும் நல்ல உறவு. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினார். இராசராசர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக் கொடுத்தார்.

அந்த உறவு ஒரு தலைமுறை தாங்கவில்லை. 1025-இல் இராசராசரின் மகன் இராசேந்திரன், குந்தவையாருக்குத் தம்பி மகன், கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். மன்னனைச் சிறைபிடித்து, யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் வாரிக் கொண்டதாக அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையோடு சொல்கிறது.

பாக்கார் ஆராங்கிலிருந்து மெர்போக் அதிக தூரமில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். கடாரம் கொண்டான் என்று பாடத்தில் வரும்போது பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். தட்டச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னமும் தயக்கம்தான். நாமும் இப்போது கடாரத்துக்காரர்கள் அல்லவா?