விண்ணில் இருந்து பொழியும் மழை!
விஞ்ஞானி ஹோமி பாபாவின் கதை

உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வீதம், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன! கூரை தடுக்காது, வலியும் இராது.

இவை காஸ்மிக் கதிர்களின் குழந்தைகள். இந்தக் கதிர்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர், டாக்டர் ஹோமி பாபா.

தந்தையின் நிபந்தனை

பம்பாயில், செல்வமுள்ள பார்சி குடும்பத்தில் 1909 அக்டோபர் 30-ந்தேதி பாபா பிறந்தார். என்ஜினீயர் படிப்புக்காக 1927-ல் இங்கிலாந்து சென்றார். மகன் ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகன் மனமோ பௌதிகத்தில் இருந்தது.

என்ஜினீயர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் என்றார் தந்தை. 1930-ல் பாபா முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொல் தவறவில்லை.

ஒன்று பலவாகும் விந்தை

1912-ல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஏறினார். உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது. ஆகவே அது விண்வெளியில் இருந்து வருகிறது என்று கண்டார்.

அக்கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை காற்றில் மோதிப் புதுத் துகள்களை உண்டாக்குகின்றன. அவற்றில் ஓர் எலெக்ட்ரான் ஒளித்துகளை வெளியிடும். அந்த ஒளித்துகள் இரண்டு துகள்களாக மாறும். இப்படியே ஒன்று பலவாகி மழைபோல் பொழியும். இதை 1937-ல் பாபாவும் ஹைட்லர் என்ற விஞ்ஞானியும் கணக்குப் போட்டு விளக்கினார்கள்.

யுத்தம் தடுத்தது!

1939-ல் விடுமுறைக்குத் தாய்நாடு வந்தார் பாபா. உலக யுத்தம் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. அப்போது வயது 29.

அவர் சோர்ந்துவிடவில்லை. சர்.சி.வி.ராமன் இருந்த பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். விமானத்தில் கருவிகளை ஏற்றி, 30 ஆயிரம் அடி உயரத்தில் கதிர்களை அளந்தார்.

யுத்தம் முடிந்தது. வழி திறந்தது. ஆனால் பாபா இங்கேயே தங்கிவிட்டார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை 1945-ல் நிறுவினார். அந்த நிலையத்தார் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலும், நம் உதகமண்டலத்தின் உச்சியிலும் கதிர்களை ஆராய்ந்தார்கள்.

மலையில் முடிந்த பயணம்

1966 ஜனவரி 24-ந்தேதி, வியன்னா செல்லும் வழியில், பாபா சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்கியது. அவருக்கு வயது 56. அவர் மணம் புரியவில்லை.

காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன? பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறும் இடங்களில் பல பிறக்கின்றன என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. அந்த விடையைத் தேடி, ஊட்டி மலையில் பாபாவின் நிலையத்தார் இன்றும் கருவிகளோடு காத்திருக்கிறார்கள்.