குழல் மட்டும் பாயாது!

ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே உழைக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியிலே கிடக்கும் வரை வெடிமருந்து வெறும் சரக்கு. குழியின் ஆழம் அறிந்து, அளவறிந்து இட்டு, யார் எங்கே ஒதுங்கவேண்டும் என்று குரல் கொடுத்து, பழகிய கை ஒன்று பற்றவைத்த பிறகுதான் பாறை பிளக்கிறது. பழகாத கை தொட்டால்? பாறையல்ல, ஆள் போய்விடுகிறான்.

இந்த உண்மையை ஓர் அரசின் போர்முறையாகவே ஆக்கிக் காட்டிய ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறோம். அவர் மைசூர் திப்பு சுல்தான்.

ஆலத்தியூரில் தொடங்கி மைசூருக்குத் தாவுகிறார்களே என்று எண்ணவேண்டாம். அரியலூர்ச் சீமைக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறதல்லவா? அந்தக் கொள்ளிடக் கரையோரம் தஞ்சைச் சீமையிலே, 1782 பிப்ரவரியில், கர்னல் பிரெய்த்வெய்ட் என்ற வெள்ளைத் தளபதியின் படையை வளைத்துக்கொண்டார் திப்பு. ஏறத்தாழ 1,800 பேர், 10 பீரங்கிகள், அத்தனையும் சரண்! அப்போது திப்புவுக்கு முப்பதைச் சற்றே தாண்டிய வயது. நம் வாசலிலே நடந்த போர், நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பிளாசி தெரியும், பானிபட் தெரியும்!

பெயரும்கூட நம் பக்கத்துப் பெயர்தான். ஆர்க்காட்டிலே அடக்கமாகியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக இடப்பட்டது அது. பாட்டன் பதே முகமது ஆர்க்காட்டு நவாபிடம் ஊழியம் பார்த்தவர். அவருக்குக் கீழே 50 வாணக்காரர்கள் இருந்தார்களாம். தந்தை ஐதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் ஓர் அரசையே கட்டியாண்டவர். மகனுக்கு மட்டும் கல்வியைக் குறைவில்லாமல் கொடுத்தார். தேவனஹள்ளியில் 1750இல் பிறந்த அந்த மகன் வாளும் கற்றார், ஏடும் கற்றார். பரம்பரைச் சொத்தாக வாணத்தையும் பெற்றார்.

வாணம் என்றால் திருவிழாவிலே விடுகிறோமே, அந்த வாணம்தான். காகிதக் குழலிலே மருந்தைக் கெட்டித்தால் ஓரளவுக்கு மேல் கிட்டிக்க முடியாது, குழல் கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லன் காகிதத்துக்குப் பதில் இரும்புத் தகட்டைச் சுருட்டினான். குழல் ஒரு சாண் நீளம். ஒன்றரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை விட்டம். இரும்பு தாங்கும் என்பதால் மருந்தை இறுகக் கெட்டித்தான். உள்ளே அழுத்தம் ஏறியது, பின்வழியே புகை பீறிட்டது, குழல் முன்னே பாய்ந்தது. திசை பிசகாதிருக்க நீண்ட மூங்கில் ஒன்றை வாரால் கட்டினான். ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் போயிற்று! ஐரோப்பாவில் அன்று இதற்கு நிகரான வாணம் இல்லை. சில வாணங்களில் வாளலகையும் கட்டிவிட்டார்கள். பாயும் வேகம் தணிந்து சுழன்று விழும்போது எதிரில் நிற்பவன் கதி என்ன ஆகும்!

ஆனால் தோழர்களே, குழல் மட்டும் பாயாது. அதை ஏவுவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பழக்கம் வேண்டும். இங்கேதான் திப்புவின் திறமை. மெல்லிய குழல் ஒரு விதமாகப் போகும், பருத்த குழல் வேறு விதமாகப் போகும். எதிரி அரை மைலில் நின்றால் ஒரு சாய்வு, ஒரு மைலில் நின்றால் வேறு சாய்வு. குழலின் விட்டத்தையும் எதிரியின் தொலைவையும் பார்த்த பார்வையிலே கணக்கிட்டுச் சாய்வை வைக்கும்படி வீரர்களைப் பழக்கினார்கள். ஒரே நேரத்தில் பல வாணங்களை ஏவும் சக்கர வண்டிகளும் இருந்தன. தம் படையைக் குஷூன் எனும் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 200 வாணக்காரர்களை வைத்தார் திப்பு. தந்தை காலத்தில் ஆயிரத்துச் சொச்சமாயிருந்த வாணப்படை மகன் காலத்தில் ஐயாயிரம் அளவுக்குப் பெருகிற்று.

இவ்வளவு பேருக்கும் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தால் ஊருக்கொரு முறையாகிவிடும். ஆகவே ஃபத்உல் முஜாஹிதீன் என்ற பயிற்சி நூலை எழுதச் செய்தார். அணிவகுக்கும் முறை, ஆயுதம் பிடிக்கும் முறை, வாணப்படை நடத்தும் முறை எல்லாம் அதிலே. அணிவகுப்புக் கட்டளைகளில் இருந்த பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களை விலக்கிப் பாரசீகச் சொற்களை வைத்தார். இந்த இடத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. அந்நியன் சொல்லை விரட்டியவர், அரண்மனை மொழிக்குப் போனாரே தவிர, வீரன் வீட்டிலே பேசிய மொழிக்குப் போகவில்லையே!

மாசற்ற மாணிக்கம் என்று அவரைச் சித்திரிக்க நாம் வரவில்லை. 1780இல் ஐதரின் குதிரைப்படை கர்நாடகச் சீமைக்குள் புகுந்தபோது எரிந்தது தமிழ் உழவனின் குடிசை. அடுத்து வந்த பஞ்சத்தில் செத்ததும் அவன்தான். குடகிலும் மலபாரிலும் திப்பு நடத்திய கொடுமைகளை அந்த மக்கள் இன்றும் மறக்கவில்லை. மன்னர் போரிடுவர், மக்கள் மடிவர். அதையும் சேர்த்தே வரலாறு படிக்க வேண்டும்.

ஆயினும் 1780 செப்டம்பர் 10ஐ எப்படி மறக்க முடியும்? காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படையைத் திப்புவும் ஐதரும் மடக்கினார்கள். வெள்ளையரின் வெடிமருந்து வண்டிகள் படீர் படீரென வெடித்தன, படை நிலைகுலைந்தது. வெடிக்கச் செய்தது வாணமா, பீரங்கிக் குண்டா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். வழக்காடட்டும்! பெய்லி பிடிபட்டார். சில மைல் தொலைவிலே பெரும்படையோடு இருந்த மன்ரோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்திலே தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். அன்று சிறைப்பட்டவர்களில் டேவிட் பெயர்டு என்ற இளைஞர் ஒருவர். அவரை நினைவில் வைத்திருங்கள்.

1782 டிசம்பரில் சித்தூர் அருகே ஐதர் இறந்தார், திப்பு அரசரானார். 1784இல் மங்களூர் உடன்படிக்கை. 1792இல் தோல்வி, நாட்டிலே பாதி போயிற்று, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், பெற்ற பிள்ளைகள் இருவர் பணயம். பணம் முழுவதையும் கொடுத்துப் பிள்ளைகளை மீட்டார். அதற்குப் பிறகும் வாணப்படையைக் கலைக்கவில்லை.

1799 ஏப்ரல் 5 இரவு. சீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பு. ஆர்தர் வெல்லெஸ்லி தம் ஆட்களோடு இருளிலே நுழைந்தார். தோப்புக்குள்ளிருந்து வாணம் சீறியது, குண்டும் பொழிந்தது. ஆட்கள் சிதற, வழி தெரியாமல் பின்வாங்கினார் வெல்லெஸ்லி. மறுநாள் பகலில் பெரும்படையோடு வந்து தோப்பைப் பிடித்தது உண்மைதான். ஆனால் பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவாகி நெப்போலியனையே வென்ற அந்த மனிதர், கடைசி வரை ராக்கெட்டை விரும்பியதில்லை. ஏனோ!

மே 2 அன்று வெள்ளையர் குண்டு ஒன்று கோட்டைக்குள்ளிருந்த வாணக் கிடங்கில் விழுந்தது. மே 4, உச்சி சாய்ந்த வேளை, மதிலின் உடைப்பு வழியே படை ஏறிற்று. தலைமை தாங்கியவர் யார்? பொள்ளிலூரில் பிடிபட்டு, அதே ஊர்ச் சிறையில் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு வாடிய டேவிட் பெயர்டு! சரணடைய மறுத்த திப்பு, வீரர்களோடு வீரராகச் சண்டையிட்டுக் கோட்டை வாயிலருகே பிணக்குவியலுக்குள் கிடந்தார்.

கோட்டையிலே எண்ணிப் பார்த்தார்கள். ஏவத் தயாரான வாணம் 700, வெறுங்குழல் 9,000, ஏவு பொறி 600. குழல்கள் கப்பலேறி இலண்டனை அடுத்த ஊல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அதைப் பார்த்தும் தாமே சோதித்தும் புது ராக்கெட் செய்தார். 1806இல் புலோன் துறைமுகம், 1807இல் கோபன்ஹேகன் நகரம் அதனால் எரிந்தன. 1813இல் லைப்சிக் போர்க்களத்தில் காப்டன் போக் தலைமையில் ஒரு தனி ராக்கெட் படையே நின்றது. ஆக, குழலை எடுத்துப் போனவனும் அதற்கென்று ஆளைப் பழக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கும் கதை அதுதான். வருகிற ஏவுகணையை வானத்திலேயே தடுக்கும் எஸ்-400 கருவியை வாங்க 2018இல் ரஷ்யாவோடு இந்தியா ஒப்பந்தம் செய்தது. கருவி வருமுன்பே, 2021இல், விமானப்படையினரை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். கோடி கோடியாகக் கொட்டி வாங்கினாலும் பழகாத கையில் அது பளபளக்கும் பழைய இரும்பே.

இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம், 1963இல் ராக்கெட் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, வாலப்ஸ் தளத்தின் சுவரிலே திப்புவின் வாணப்படை ஓவியத்தைக் கண்டார். கடல் கடந்தவன் படம் மாட்டினான். இங்கே நாமோ குழலைக் கிணற்றிலே மறந்துவிட்டோம்! கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரிலே ஒரு பாழுங்கிணறு. 2018இல் அதைத் தோண்டியபோது துருவேறிய இரும்புக் குழல்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சேற்றிலே வெடிமருந்து வாடை அடித்தது.